ஆச்சியின் முப்பதாம் நாளில் மோன் சாங் மிஷேலில்

ஆச்சி செப்டம்பரில் இறந்தபோது நான் பிரான்சுக்குப் படிக்க வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஊருக்குப் போகக் கையில் பணம் இல்லை, அடக்கப் பூசையைப் போனில்தான் பார்த்தேன், அதுவும் பாதியில் நெட் போய்விட்டது. முப்பதாம் நாள் பூசை அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு என்று அம்மா சொன்னதும், அன்றைக்கு அறையில் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது, மோன் சாங் மிஷேல் என்கிற மிக்கேல் சம்மனசின் (வானதூதரின்) மலைக்குப் போய்விட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். ஏனென்றால் ஆச்சிக்கு எல்லாமே அவர்தான். வீட்டில் செபம் சொல்லும் இடத்தில் ஒரு பழைய படம் இருக்கும், ஒரு கையில் வாள், ஒரு கையில் தராசு, காலுக்குக் கீழே பசாசு. சாகிற நேரத்தில் ஆத்துமாவைக் கூட்டிப்போக வருகிறவர் அவர்தான் என்று ஆச்சி அடிக்கடி சொல்வார்கள்.

நான் படிக்கும் ரென் நகரத்திலிருந்து அங்கே பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். கடைசிக் கொஞ்ச தூரம் இரண்டு பக்கமும் தட்டையான புல்வெளி, அதில் ஆடுகள். கடல் தண்ணீர் வந்து போகும் நிலம் என்பதால் அந்தப் புல்லிலேயே உப்பு இருக்குமாம். அந்தச் சமவெளிக்கு அப்பால் திடீரென்று ஒரு பாறை, பாறைமேல் மடம், மடத்தின் உச்சியில் கோபுரம், கோபுர நுனியில் பொன்முலாம் பூசிய மிக்கேல். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் போனை எடுத்தார்கள். நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

வண்டிகள் இரண்டரை கிலோமீட்டருக்கு முன்பே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து இலவச பஸ் உண்டு, ஆனாலும் நான் நடந்தே போனேன், திருத்தலத்துக்குப் போகிற வழியில் கொஞ்சமாவது நடக்க வேண்டும் என்று ஒரு எண்ணம். இப்போதுள்ள பாலம் 2014-இல் திறந்தது. அதற்கு முன்பு 1879 முதல் ஒரு கரைச்சாலை இருந்தது, அது தண்ணீரை மறித்ததில் மணல் மேலும் மேலும் சேர்ந்து, கடல் சூழ்ந்த அந்தப் பாறை தீவாகவே இல்லாமல் போகும் நிலை வந்துவிட்டது. அதனால் அங்கே கடலில் சேரும் கூஎனோன் ஆற்றின் முகத்துவாரத்தில் அணை கட்டி, அந்தத் தண்ணீரின் வேகத்தில் மணலைக் கடலுக்குத் தள்ளவிட்டு, பழைய சாலையை இடித்துத் தூண்களின் மேல் பாலம் போட்டிருக்கிறார்கள். நான் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரி, எங்கள் ஊரில் கடல் ஏறுவதும் வற்றுவதும் ஒரு மீட்டர்கூட வராது. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஏற்றத்தில் 14 மீட்டர் வரை வித்தியாசம். நான் போன நேரம் கடல் கண்ணுக்கே தெரியவில்லை, சாம்பல் நிற மணல் மட்டும்தான். தூரத்தில் ஒரு கூட்டம் வழிகாட்டியின் பின்னால் வெறுங்காலோடு அந்த மணலைக் கடந்துகொண்டிருந்தது. புதைமணலும் சட்டென்று ஏறும் தண்ணீரும் எத்தனையோ பேரைக் கொண்டுபோன வழி அது, இடைக்காலத்தில் பக்தர்கள் எல்லாரும் அப்படித்தான் வந்தார்கள்.

இந்த இடத்தின் கதையை ஆச்சிக்கு நான் சொல்லியிருந்தால் மிகவும் பிடித்திருக்கும். அவ்ரான்ஷ் ஊரின் ஆயர் ஓபேர் என்பவருக்கு மிக்கேல் கனவில் தோன்றி, அந்தப் பாறைமேல் எனக்கு ஒரு ஆலயம் கட்டு என்கிறார். வெறும் கனவுதானே என்று ஆயர் இருந்துவிடுகிறார். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை சம்மனசு விரலால் அவர் மண்டையில் அழுத்திச் சொல்லிவிட்டுப் போகிறார், எழுந்து பார்த்தால் எலும்பில் துளை. 708-இல் ஆலயம் எழும்பியது என்பது மரபு. துளையுள்ள மண்டை ஓடு ஒன்றை அவருடையது என்று இன்றைக்கும் அவ்ரான்ஷ் கோயிலில் வைத்திருக்கிறார்கள்.

கீழே கடைத்தெரு ஒன்று இருக்கிறது, அதைச் சீக்கிரம் கடந்துவிடுங்கள். நிறையப் பேர் அங்கேயே நேரத்தைக் கழித்துவிட்டு மேலே ஏறாமல் திரும்புகிறார்கள், எனக்கு அது வருத்தமாக இருந்தது. கிட்டத்தட்ட 350 படி. இருபத்தாறு வயதுக்குள் இருந்து பிரான்சில் வசிக்கிற மாணவர்கள் மடத்துக்கு டிக்கெட் வாங்க வேண்டியதில்லை, விசாவைக் காட்டியதும் விட்டுவிட்டார்கள்.

நண்பகல் பூசைக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தேன். கோயிலின் முன்பாதி 1023-இல் தொடங்கிய பழைய கட்டடம், கனத்த சுவர், கொஞ்சம் இருட்டு. பீடப் பகுதி 1421-இல் இடிந்து விழுந்து, திரும்பக் கட்டி முடிக்க 1521 ஆகிவிட்டது, அது முழுக்க வெளிச்சம். இருட்டில் நடந்து போய் வெளிச்சத்தில் உட்காருகிறோம். வெள்ளை அங்கியில் ஒரு சகோதரி வந்து, நடுவில் மேலிருந்து தொங்கிய கயிற்றைப் பிடித்து மணி அடித்தார். உடம்பை வளைத்துக் கீழே இழுப்பார், கயிறு மேலே போகும்போது அவர் குதிகால் தரையை விட்டு எழும்பும், அப்புறம் மறுபடியும் வளைவார். மணியின் நாவைவிட அந்தக் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால் அது கவனச்சிதறல் இல்லை, செபம் என்றால் இப்படி உடம்பாலும் செய்வது என்று அப்போதுதான் தோன்றியது. துறவிகளும் சகோதரிகளும் பல குரல்களில் சேர்ந்து பாடினார்கள். எனக்கு அரைகுறை பிரெஞ்சுதான், ஆனால் பூசையின் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பது தெரியாமல் போகுமா? இறந்தவர்களை நினைக்கும் இடம் வந்ததும் மனதுக்குள் ஆச்சியின் பெயரைத் தமிழில் சொன்னேன்.

பூசை முடிந்து மேற்கு முற்றத்துக்கு வந்தேன். 1776-இல் தீப்பிடித்ததால் கோயிலின் முன்பகுதியை இடித்துவிட்டார்கள், அதன் தரைதான் இப்போது முற்றம். கற்களைக் குனிந்து பாருங்கள், ஒன்றில் ஒரு எண், இன்னொன்றில் ஒரு எழுத்து. எத்தனை கல் கொத்தினோம் என்று கூலிக் கணக்குக்காகக் கொத்தர்கள் பொறித்த அடையாளங்கள். ஒரு எண்ணின் மேல் விரலை வைத்துத் தடவினேன், ஓரம் தேய்ந்திருந்தாலும் பள்ளம் இன்னும் தெரிகிறது. ஷோஸே தீவுகளிலிருந்து கருங்கல்லைப் படகில் கொண்டுவந்து, இந்த உயரத்துக்கு ஏற்றிக் கட்டியிருக்கிறார்கள்.

அடுத்து பதின்மூன்றாம் நூற்றாண்டில் கட்டிய, அற்புதம் என்றே பெயர் வைத்த மூன்று அடுக்குக் கட்டடம். மெல்லிய தூண்கள் இரட்டை வரிசையில் நிற்கும் முற்றமும், துறவிகள் பேசாமல் சாப்பிட, ஒருவர் மட்டும் சுவர் மாடத்தில் நின்று வாசித்த சாப்பாட்டுக் கூடமும் அங்கே இருக்கின்றன. கீழே இறங்கினால் பீடப் பகுதியைத் தாங்கும் நிலவறை, ஒவ்வொரு தூணும் சுற்றளவில் 5 மீட்டர்.

அப்புறம் புனித ஸ்தேவான் சிற்றாலயம். இறந்த துறவிகளை அடக்கத்துக்கு முன்னால் கிடத்தி வைக்கும் இடம் அதுதான். மணி பார்த்தேன், இரண்டரை. ஊரில் ஆறு மணி, பூசை தொடங்கியிருக்கும். திட்டமிட்டு வரவில்லை, நடந்துகொண்டே வந்தேன், அவ்வளவுதான். கூட்டம் ஒன்று கடந்து போகும்வரை ஓரமாக நின்று, பிறகு முழங்காலிட்டேன். ஒரு மாதமாக வராத அழுகை அங்கேதான் வந்தது.

அதை ஒட்டிய அறையில்தான் துறவிகளின் எலும்புகளை வைத்திருந்தார்கள். இப்போது அங்கே பெரிய மரச்சக்கரம் நிற்கிறது. பிரெஞ்சுப் புரட்சியில் துறவிகளை வெளியேற்றி, மடத்தைச் சிறையாக்கி, 1863 வரை அப்படியே வைத்திருந்தார்கள். கைதிகள் அந்தச் சக்கரத்துக்குள் நடக்க நடக்க, வெளியே சரிவான கல்பாதையில் சாமான் மேலே ஏறும். உள்ளே எட்டிப் பார்த்தேன், மிதிபலகைகள் வரிசையாக. 1966-இல், மடம் தொடங்கிய ஆயிரமாவது ஆண்டில், பெனடிக்ட் சபைத் துறவிகள் திரும்ப வந்தார்கள். 2001 முதல் எருசலேம் துறவற சபையினர் இருக்கிறார்கள். நண்பகலில் கேட்ட அந்த மணி இத்தனைக்கும் பிறகு அடிக்கிறது.

கிளம்பும் முன் கடைத்தெரு ஓரத்திலுள்ள பங்குக் கோயிலில், வெள்ளி மிக்கேல் சுரூபத்தின் முன்னால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். பாலத்தில் நடக்கும்போது அம்மா கூப்பிட்டார்கள். அங்கே பூசை முடிந்து, வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார்கள், பின்னால் பாத்திரச் சத்தம்.

"பூசை கண்டியாம்மா?"

"கண்டேன்மா. ஆச்சி பேரைச் சொன்னேன்."

"சரி, சாப்பிட்டியா?"

இல்லை என்றேன். கைப்பையில் காலையில் வாங்கிய ரொட்டி அப்படியே இருந்தது. பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து நின்று, கோபுர உச்சியைப் பார்த்துக்கொண்டே அதைச் சாப்பிட்டேன்.