கிரெனடாவின் ஜாதிக்காய் மரங்கள்

கரீபியன் கடலில் இருக்கும் தீவு நாடான கிரெனடாவின் மொத்தப் பரப்பு 344 சதுர கிலோமீட்டர். கரியாக்கோ, பெட்டிட் மார்ட்டினிக் தீவுகளையும் சேர்த்துத்தான். மக்கள் தொகை ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். பெரும்பாலோர் ஆப்பிரிக்க வம்சாவளியினர். 1857 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர்களின் சந்ததியும் கொஞ்சம் உண்டு.

இங்கே வந்தால் குவாவ் ஊரின் ஜாதிக்காய் நிலையத்தைக் கட்டாயம் பாருங்கள். பெண்கள் உட்கார்ந்து ஒவ்வொரு காயாகத் தரம் பிரிக்கிறார்கள். தண்ணீரில் மூழ்கினால் நல்ல காய், மிதந்தால் இரண்டாந்தரம். அந்தக் கூடத்தின் மணம் சட்டையை விட்டுச் சீக்கிரம் போகாது! நாட்டுக் கொடியிலேயே ஜாதிக்காய் இருக்கிறது.

2004 செப்டம்பரில் ஐவன் புயல் வந்து பெரும்பாலான மரங்களைச் சாய்த்துவிட்டது. நெல் என்றால் அடுத்த பட்டத்தில் விதைக்கலாம். இந்த மரம் காய்க்கவே ஆறேழு வருஷம், முழு விளைச்சலுக்கு இன்னும் பல வருஷம். ஐம்பது வயதைத் தாண்டிய விவசாயி எதை நம்பி நடுவார்? பலர் விட்டுவிட்டார்கள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்று வருமானம் சுற்றுலாவிலிருந்தும், 1976ல் தொடங்கிய செயின்ட் ஜார்ஜஸ் பல்கலைக்கழகத்திலிருந்தும், வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பணத்திலிருந்தும் வருகிறது. அப்புறம், 2024 ஜூலையில் பெரில் புயல் கரியாக்கோவை நொறுக்கியது. ஒரே நாளில் வாழ்வாதாரம் போகும் இடத்தில், நிலத்தை நம்பி நிற்பவர்களுக்குத்தான் முதலில் கடனும் காப்பீடும் கிடைக்க வேண்டும்.