இருபது மில்லி

ஜனவரி 20, திங்கள்

செய்முறைத் தேர்வு பிப்ரவரியில். பொங்கல் லீவில் மூடிக் கிடந்த ஆய்வகத்தை இன்றுதான் திறந்தேன். பியூரெட்டுகள், அதாவது அளவுகோடு போட்டு அடியில் அடைப்பான் வைத்த நீளக் கண்ணாடிக் குழாய்கள், எல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கின்றன. எங்கள் பள்ளி போர்வெல் தண்ணீர் அப்படி. அணைக்கட்டு ஊர்ப் பக்கம் எங்கள் வீட்டு வெந்நீர்ப் பானையிலும் இதே வெள்ளைதான்.

நீர்த்த அமிலத்தில் ஊறவைத்து, டிஸ்டில்டு வாட்டரில் அலசினேன். சுத்தமா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நிரப்பி, மெதுவாக இறக்கிப் பார்க்க வேண்டும். உட்சுவரில் தண்ணீர் ஒரே படலமாக இறங்கினால் சரி. முத்து முத்தாக ஒட்டி நின்றால் பிசுக்கு இருக்கிறது. ஒட்டிய முத்தெல்லாம் வெளியே வராமலே கணக்கில் சேர்ந்துவிடும். பன்னிரண்டில் மூன்றை மறுபடி கழுவினேன்.

ஜனவரி 21, செவ்வாய்

பிளஸ் டூ முதல் குழு, எட்டுப் பிள்ளைகள். பியூரெட்டில் அமிலம். கீழே குடுவையில், குறித்த அளவை உறிஞ்சி எடுக்கும் குழாயான பிப்பெட்டில் எடுத்த சோடியம் ஹைட்ராக்சைடு 20 மில்லி, நிறம் காட்ட இரண்டு சொட்டு பினாப்தலின். இளஞ்சிவப்பு மறையும் இடம் முடிவுநிலை; அதுவரை இறங்கிய அமிலத்தின் அளவுதான் விடை. எட்டுப் பேருக்கும் ஒரே பாட்டிலிலிருந்துதான் ஊற்றிக் கொடுத்தேன். வர வேண்டியது 20.0. வந்தது 19.6 முதல் 20.3 வரை.

பியூரெட்டின் ஒரு சொட்டு சுமார் 0.05 மில்லி. அப்படியானால் 0.7 என்பது பதினான்கு சொட்டு. கை தவறி ஒன்றிரண்டு சொட்டு போகும், பதினான்கா போகும்? வேதியியல் சார் "பசங்களுக்குக் கவனமில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் இதே அறையில் பதினோரு வருடமாக ஆய்வக உதவியாளராக இருக்கிறேன். கவனமில்லாத பிள்ளைகளின் விடை இப்படியும் அப்படியும் சிதறும். இதில் ஆறு பேருக்குக் குறைவாகவே வந்திருக்கிறது. இது வேறு ஏதோ.

ஜனவரி 23, வியாழன்

இன்று எதையும் எடுத்துக் கொடுக்காமல் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வகுப்பிலேயே குள்ளமான பெண். பியூரெட்டின் பூஜ்ஜியம் அவள் கண்ணுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில். அண்ணாந்துதான் பார்க்கிறாள். அப்படிப் பார்த்தால் பார்வை சாய்வாக மேலே ஏறி, அளவுகோடு இருக்கும் முன்பக்கக் கண்ணாடியைக் கீழேயே தொட்டுவிடும். பியூரெட்டில் எண் மேலிருந்து கீழே கூடிக்கொண்டு போகும். அதனால் சரியாகப் பூஜ்ஜியத்தில் நிற்கும் அமிலம் அவளுக்கு 0.2 என்று தெரிகிறது. இன்னும் கொஞ்சம் ஊற்றித் தன் கண்ணுக்குப் பூஜ்ஜியம் ஆக்கிக்கொள்கிறாள். கடைசியில் 20 பக்கம் இறங்கும்போது அது அவள் கண் மட்டத்துக்கு வந்துவிடுகிறது; அதைச் சரியாகவே படிக்கிறாள். கழித்தால் 0.2 குறைகிறது.

பக்கத்து மேசையில் பனைமரம் மாதிரி ஒரு பையன். அவன் பூஜ்ஜியத்தைச் சரியாக வைத்தான். 20 வந்தபோது குனியச் சோம்பல், மேலிருந்தே பார்த்தான். மேலிருந்து பார்த்தால் எண் குறைந்து தெரியும். அவனுக்கும் குறைவுதான்.

நெட்டை ஒரு பக்கம் தவறினால் குட்டை மறுபக்கம் தவறும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இரண்டும் ஒரே பக்கம்தான்! இடமாறு தோற்றப் பிழை என்று கேட்டால் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள், அப்புறம் அண்ணாந்து பார்க்கிறார்கள்.

சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டேன். பூஜ்ஜியம் வைக்கும்போது ஏறு, முடிவு படிக்கும்போது இறங்கு, நெட்டையாக இருந்தால் முழங்காலை மடக்கு. அவ்வளவுதான் உத்தரவு.

ஜனவரி 24, வெள்ளி

இன்று செய்முறை பெர்மாங்கனேட்டும் மோர் உப்பும். மோர் உப்பு ஓர் இரும்பு உப்பு. "மோர்ல போடற உப்பா சார்?" என்று வருடா வருடம் ஒருவன் கேட்பான், இந்த வருடமும் கேட்டான். மோர் என்பது கார்ல் பிரெடரிக் மோர் என்ற ஜெர்மன்காரர், பிறந்தது 1806இல். அடியில் முனையும் கிளிப்பும் உள்ள பியூரெட்டைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே.

குழாயில் திரவ மட்டம் பிறை மாதிரி வளைந்திருக்கும். அந்தப் பிறையின் அடியைப் படிக்கச் சொல்லிவிட்டு இன்று மேல்விளிம்பைப் படிக்கச் சொல்கிறீர்களே என்று ஒரு பெண் மடக்கினாள். பெர்மாங்கனேட் கருஊதா, பிறையின் அடி எங்கே தெரிகிறது? தொடக்கத்திலும் முடிவிலும் மேல்விளிம்பையே படித்தால் கழிக்கும்போது சரியாகிவிடும். ஒன்றில் மேலும் ஒன்றில் கீழும் படித்தால்தான் கெட்டது.

ஜனவரி 27, திங்கள்

முக்காலி போட்ட பிறகும் ஐந்தாம் மேசையில் மட்டும் குறைகிறது. பியூரெட்டை மாற்றினேன், ஆளை மாற்றினேன், குறைகிறது. மிச்சமிருப்பது பிப்பெட்.

சாயங்காலம் ஐந்து பிப்பெட்டையும் துணியில் சுற்றி, தெரிந்தவர் நகைக்கடைக்கு எடுத்துப் போனேன். "இன்னா நைனா, பச்சத் தண்ணிய நிறுக்க வந்துட்டே?" என்றார். நல்ல மனிதர், வியாபாரம் இல்லாத நேரம், தராசைக் கொடுத்துவிட்டார்.

பிப்பெட்டில் 27 டிகிரி என்று அச்சிட்டிருக்கிறது. வெளிநாட்டுக் கண்ணாடி என்றால் 20 இருக்கும். வேலூருக்கு 27கூட ஜனவரியில்தான் கிடைக்கும். இன்று தண்ணீரும் அதே சூட்டில் இருந்தது. அந்தச் சூட்டில் 20 மில்லி தண்ணீர் தராசில் 19.91 கிராம் காட்ட வேண்டும். கோடு வரை இழுத்து, சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் இறக்கி, முனையைக் கிண்ணத்தின் சுவரில் தொட்டு எடுத்தேன். கடைசியில் முனையில் தங்கும் துளியை ஊதக் கூடாது. அந்தத் துளியைக் கழித்துத்தான் கோடே போட்டிருக்கிறார்கள். ஊதித் தள்ளும் பிள்ளைகள் எத்தனை பேர்!

19.90. 19.88. 19.93. 19.87. பி தரப் பிப்பெட்டுக்கு 0.06 மில்லி வரை மன்னிப்பு உண்டு, நான்கும் தேறின. ஐந்தாவது 19.79. மறுபடி இறக்கினேன், 19.78. விளக்கில் பிடித்துப் பார்த்தால் முனையில் நகக்கண் அளவு உடைசல். ஓட்டை பெரிதாகித் தண்ணீர் தடதடவென்று இறங்குகிறது, சுவரில் இருப்பது வழிந்து வர நேரமில்லை.

நடு வயிற்றில் சிவப்பு நூல் கட்டி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். சும்மா தண்ணீர் எடுக்க உதவும்.

ஜனவரி 30, வியாழன்

அதே எட்டுப் பேர், அதே அமிலம். கரும்பலகையில் வரிசையாக எழுதச் சொன்னேன். 20.0, 20.0, 19.9, 20.0, 20.1, 20.0, 19.9. எட்டாவது 20.3.

செவ்வாய்க்கிழமை 20.3 எழுதியவனும் இவனே. முக்காலியில் ஏறினான், குனிந்தான், ஊதவில்லை, எல்லாம் ஒழுங்கு. பியூரெட்டைப் புதிதாக நிரப்பச் சொல்லி அடைப்பானுக்குக் கீழே உற்றுப் பார்த்தேன். முனைக்குள் நீளவாக்கில் பெரிதாக ஒரு காற்றுக்குமிழி. நடுவில் அது வெளியேறும்போது அந்த இடத்தை அமிலம் நிரப்பிக்கொள்ளும். குடுவைக்குப் போகாத அமிலத்துக்கும் இவன் கணக்கு எழுதுவான். அடைப்பானை முழுக்கத் திறந்து ஒரு வேகத்தில் இறக்க, குமிழி போயிற்று. மறுபடி பூஜ்ஜியம் வைத்துச் செய்தான்.

"20.0 சார்."

"இன்னொரு தரம் போடு."