ரஜூலாவின் மேல்தளத்தில் ஐந்நூறு பாய்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பின்கூடத்தில், பாட்டியின் தையல் இயந்திரம் இருந்த இடத்தில், இப்போது நாற்பது சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கப்பல் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளிலும் பள்ளி விடுமுறை நாட்களிலும் நான் செதுக்கி வரும், தமிழரை மலாயாவுக்குச் சுமந்துவந்த ரஜூலா என்ற கப்பலின் மாதிரி அது. உடல், மேற்கட்டுமானம், புகைபோக்கி, உயிர்காப்புப் படகுகள் எல்லாம் முடிந்துவிட்டன. மேல்தளம் மட்டும் நான்கு மாதங்களாக என்னை நிறுத்தி வைத்திருக்கிறது.

மாதிரிக் கப்பல் செய்கிறவர்களில் பெரும்பாலோர் போர்க்கப்பலில்தான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். போர்க்கப்பல்களுக்கு ஜப்பானிலிருந்தும் சீனாவிலிருந்தும் அழகான கிட் பெட்டிகள் வருகின்றன. பீரங்கி முதல் நங்கூரச் சங்கிலி வரை அச்சில் வார்த்து எண் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் பேச்சில் வந்த கப்பல் ஒன்றுதான், அது ரஜூலா. யார் எந்த ஆண்டு வந்தார் என்பதைவிட, எந்தக் கப்பலில் வந்தார் என்பதே அவர்களுக்குத் தெளிவாக நினைவிருந்தது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்காக 1926-இல் கிளாஸ்கோவில் பார்க்ளே கர்ல் நிறுவனம் கட்டிய அந்தக் கப்பல், போர்க்காலத்தில் படைகளைச் சுமந்த ஆண்டுகள் நீங்கலாக, ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்ற வழியில் ஓடியது. கடைசியில் இந்தியக் கப்பல் கழகத்தின் கைக்கு மாறி, ரங்கத் என்று பெயர் மாற்றப்பட்டு, 1974-இல் பம்பாயில் உடைக்கப்பட்டது. இத்தனை தமிழரைச் சுமந்த அந்தக் கப்பலுக்கு நான் தேடிய எந்தக் கடையிலும் கிட் பெட்டி இல்லை. ஆகவே மரத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது.

வரைபடம் இல்லாமல் கப்பல் செய்வதற்கு முதலில் அளவுகள் வேண்டும். எனக்குக் கைகொடுத்தது ரஜூலாவின் உடன்பிறப்பான ரோனா. அதே 1926-இல், அதே கம்பெனிக்காக, இங்கிலாந்தின் டைன் நதிக்கரையில் ஹாதார்ன் லெஸ்லி நிறுவனம் கட்டிய கப்பல் அது. அதன் நீளம் 140.6 மீட்டர், அகலம் 18.8 மீட்டர், பதிவுக் கொள்ளளவு 8,602 டன். இந்த டன் எடையைக் குறிப்பதில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் புதிதாக இந்தக் கலைக்கு வருகிறவர்கள் இங்கேதான் முதலில் தடுமாறுகிறார்கள். அந்தக் காலத்து வணிகக் கப்பலின் மொத்தப் பதிவு டன் என்பது மூடிய இடத்தின் கன அளவு; நூறு கன அடி ஒரு டன். போர்க்கப்பலுக்குச் சொல்லப்படும் டன்தான் அது விலக்கும் நீரின் எடை. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கணக்குத் தவறிவிடும். 1:350 அளவில், அதாவது அசலின் முந்நூற்றைம்பதில் ஒரு பங்காக, ரோனாவின் நீளம் நாற்பது சென்டிமீட்டராகவும், அகலம் ஐந்தரைக்குச் சற்றுக் குறைவாகவும் வந்தன. இரண்டு கட்டுமானத் தளங்களில் உருவான கப்பல்கள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்க முடியாது என்று ஈப்போவிலிருந்து வரும் நண்பர் எதிர்ப்புத் தெரிவித்தார். அவர் சொன்னது சரி. அதனால் நீளத்தையும் அகலத்தையும் மட்டும் ரோனாவிடமிருந்து எடுத்துக்கொண்டு, சாளரங்களின் வரிசை, பளுத்தூக்கிகளின் இடம், படகுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை ரஜூலாவின் பழைய புகைப்படங்களிலிருந்தே எடுத்தேன்.

ரோனாவின் முடிவு துயரமானது. 1943 நவம்பர் 26 அன்று, அமெரிக்கப் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு அல்ஜீரியக் கரையோரமாகச் சூயஸை நோக்கிச் சென்ற ரோனாவை, ஜெர்மானிய விமானம் ஒன்று வானொலியால் இயக்கப்பட்ட சறுக்கு குண்டால் தாக்கி மூழ்கடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள்; அவர்களோடு கப்பலின் இந்திய மாலுமிகளும் பெரும் எண்ணிக்கையில் இறந்தார்கள். ஆயுதத்தைப் பற்றிய செய்தி வெளிவரக்கூடாது என்பதற்காக அமெரிக்க அரசு அந்த நிகழ்ச்சியைப் பல பத்தாண்டுகள் மறைத்தே வைத்திருந்தது. அளவுகோலை அந்த எண்கள்மேல் வைக்கும்போதெல்லாம், இந்த நீளமும் அகலமும் மத்தியதரைக் கடலின் அடியில் கிடக்கும் ஒரு கப்பலுடையவை என்ற நினைவு எனக்கு வந்தது.

உடலுக்கு நான் எடுத்துக்கொண்ட மரம் ஜெலுத்தோங். பலகை மேல் பலகையாக அடுக்கி ஒட்டி, பிறகு அணியம் என்னும் முன்முனையிலிருந்து பின்னணியம் என்னும் பின்முனை வரை வளைவுக்கு ஏற்பச் செதுக்குவது பழைய முறை. அதற்கு நேரான இழையும் முடிச்சில்லாத உடலும் உள்ள மென்மையான மரம் வேண்டும். ஐரோப்பாவில் வார்ப்பு அச்சு செய்பவர்களும் மாதிரி செய்பவர்களும் விரும்பி இறக்குமதி செய்த ஜெலுத்தோங் நம் காட்டு மரம் என்பது எனக்கு ஐம்பது வயதில்தான் தெரிந்தது. அதுவும் பால் வடியும் மரம்தான். அந்தப் பால் ஒரு காலத்தில் சூயிங்கம் செய்யப் போனது. பலகையை அறுத்தால் பால் ஓடிய குழாய்களின் தடம் ஆங்காங்கே சிறு பிளவுகளாகத் தெரியும். ஒவ்வொரு பிளவிலும் மாவுப் பசையை நிரப்பி, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். என் தாயார் முப்பது ஆண்டுகள் கித்தா மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால்வெட்டினார். அவர் வந்து அந்தப் பலகையை விரலால் தடவிப் பார்த்து, "இதுவும் பால் மரந்தானாய்யா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வண்ணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கறுப்பு உடலில் ஒரு வெள்ளைக் கோடு, கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளை வளையங்கள், அவ்வளவுதான். பேராக்கில் மாலை மழை பிடிக்கும் மாதங்களில் மட்டும் ஸ்பிரே அடிக்கக்கூடாது. காற்றிலுள்ள ஈரம் பட்டு வண்ணத்தின்மேல் வெண்மையாகப் பூத்துவிடும். கம்பிக் கயிறுகளுக்குப் பருத்தி நூல் ஒத்துவராததற்கும் அதே ஈரம்தான் காரணம். பழைய கிட்டில் மிஞ்சிய பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவத்தியில் காட்டி, இளகும் கணத்தில் இழுத்தால் தலைமுடியைவிட மெல்லிய இழை கிடைக்கும். மழைக்காலத்திலும் அது தொய்வதில்லை.

இனி மேல்தளம். கப்பல் கட்டப்பட்டபோது ரஜூலாவுக்கு 5,000-க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை, அதாவது அறையில்லாமல் தளத்திலேயே பாய் விரித்துப் பயணம் செய்பவர்களை, ஏற்ற அனுமதி இருந்தது. பின்னாளில் அந்த எண்ணிக்கை மிகவும் குறைக்கப்பட்டது. இந்த எண்ணைப் பல கட்டுரைகளில் படித்திருக்கிறேன். படித்துவிட்டுக் கடந்தும் போயிருக்கிறேன். மாதிரியின் தளத்தை வெட்டி முடித்த அன்றுதான் அதை அளந்து பார்க்கத் தோன்றியது. ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள ஒரு கோரைப்பாய், 1:350 அளவில் ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான நீளமும் ஒன்றே முக்கால் மில்லிமீட்டர் அகலமும் உள்ள காகிதத் துணுக்கு ஆகும். வைக்கோல் நிறத் தாளிலிருந்து அப்படி ஐந்நூறு துணுக்குகளை நறுக்கினேன். அதற்கு மூன்று வாரம் ஆயிற்று. அவற்றை நெருக்கி அடுக்கினால் நாற்பத்தைந்து சதுர சென்டிமீட்டர் நிறைந்துவிடுகிறது. அணியமும் பின்னணியமும் குறுகுவதைக் கழித்தால், என் கப்பலின் ஒரு முழுத் தளத்தின் பரப்பே ஏறக்குறைய நூற்றெண்பது சதுர சென்டிமீட்டர்தான். ஐயாயிரம் பாய்களுக்கு நானூற்றைம்பது வேண்டும். அதாவது, இயந்திர அறையின் மேற்கூண்டும், படிக்கட்டும், நீராவிப் பளுத்தூக்கியும், வெள்ளைக்காரர்களின் அறைகளும், சமையற்கூடமும், கழிப்பிடமும், ஒரு தகரப்பெட்டியும்கூட இல்லாத வெற்றுத் தளங்களாக இரண்டரைத் தளம் வேண்டும். நடந்துபோக ஒரு வழிகூட விடாமல். மேல்தளத்துக்குக் கீழே இடைத்தளங்கள் உண்டு, எல்லாரும் ஒரே நேரத்தில் படுத்துத் தூங்கவில்லை, எல்லாப் பயணங்களிலும் கப்பல் நிறைந்து வரவும் இல்லை. இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் அந்த அனுமதிச் சீட்டை எழுதிய கை எப்படி எழுதியது என்று எனக்கு விளங்கவில்லை.

என் பாட்டி 1937-இல், பத்து வயதில், நாகப்பட்டினத்தில் ஏறினார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலியாட்களை உதவித்தொகையில் அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஆகவே அவர் குடும்பம் கடைசியாக வந்தவர்களில் ஒன்று. சரக்கு அறையின் வாயை மூடியிருந்த பலகையின்மேல் தார்ப்பாய் விரித்த இடம்தான் அவர்களுக்குக் கிடைத்தது. வெயிலில் அந்தத் தார்ப்பாய் சுடும் என்றும், அங்கே இருந்த ஆறு இரவும் கால் நீட்டிப் படுத்ததே இல்லை என்றும், தன் தலை அப்பாவின் மடியிலும் தம்பியின் தலை தன் மடியிலும் இருந்தன என்றும் பாட்டி சொல்வார். சிறுவயதில் கேட்டபோது, அது ஒரு குழந்தைக்கு நீளமாகத் தோன்றிய பயணம் என்றே நினைத்தேன். பாட்டி சொன்னதில் மிகை எதுவும் இல்லை என்று காகிதத் துணுக்குகளை அடுக்கிய இரவில் தெரிந்துகொண்டேன். அவர் இருந்திருந்தால் எழுப்பிச் சொல்லியிருப்பேன்.

இதை ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் முன்னால் வைத்தபோது பெரிய விவாதம் நடந்தது. நாங்கள் மூவர், கடைத்தெருவில் ஒரு தையற்கடையின் மாடியில் கூடுகிறோம். ஈப்போ நண்பர் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களான பிரின்ஸ் ஆஃப் வேல்ஸையும் ரிப்பல்ஸையும் இணையாகச் செய்து முடித்தவர். 1941 டிசம்பர் 10 அன்று குவாந்தானுக்கு அப்பால், 840 பேருடன் மூழ்கிய அந்த இரண்டு கப்பல்களின் ஒவ்வொரு விமான எதிர்ப்பு பீரங்கியும் அந்த நாளில் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதுவரை ஆராய்ந்தவர். மாதிரிக் கப்பலில் ஆட்களை வைப்பதில்லை என்பது இந்தக் கலையில் நெடுநாளைய வழக்கம் என்றும், ஆள் உருவம் வந்தால் பார்ப்பவர் கண் கப்பலின் கோடுகளை விட்டு விலகிவிடும் என்றும் அவர் வாதிட்டார். போர்க்கப்பலைப் பொறுத்தவரை அவர் சொல்வதை நான் மதிக்கிறேன். பீரங்கியும் கவசமும் அந்தக் கப்பல் எதற்காகக் கட்டப்பட்டது என்பதைத் தாமே காட்டிவிடும். ரஜூலாவின் வெறும் தளமோ எதையும் காட்டுவதில்லை. அது ஆட்களை அடுக்குவதற்காகவே கட்டப்பட்ட தளம். பாயில்லாத ரஜூலா பீரங்கியை எடுத்துவிட்ட ரிப்பல்ஸ் போன்றது. நீண்ட நேரம் பேசி, உருவங்கள் வேண்டாம், பாய்கள் மட்டும் போதும் என்று முடிவு செய்தோம். தைக்கும் நண்பர், மேற்கூரைத் துணியை முன்பாதியில் மட்டும் விரித்துவிட்டுப் பின்பாதியைத் திறந்து வைக்கச் சொன்னார். உள்ளே இருப்பது தெரியவேண்டும் என்றால் அதுதான் வழி.

நேற்று வரை முந்நூற்றுப் பன்னிரண்டு பாய்களை ஒட்டியிருக்கிறேன். இடுக்கியில் ஒன்றைப் பிடித்து, பசையில் தொட்டு, பக்கத்துப் பாயின்மேல் ஏறாமல் வைக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. பின்பக்கச் சரக்கு அறையின் மூடியில் இடதுபுற ஓரத்தை இன்னும் தொடவில்லை. அங்கே மூன்று பேருக்கு ஒரு பாய் வைக்க வேண்டும்.