கைகழுவும் தொட்டிக்கு அருகே ஒரு கூடை

முதுகலைப் படிப்புக்காக ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்கு வந்த இரண்டாவது வாரத்தில், நூலகக் கழிப்பறையின் கைகழுவும் தொட்டிக்கு அருகே மாதவிடாய் நாப்கின்களும் உடலுக்குள் வைத்துக்கொள்ளும் டாம்பன்களும் நிறைந்த ஒரு கூடையைப் பார்த்தேன். யாரோ மறந்துவிட்டுப் போயிருப்பார்கள் என்றே முதலில் நினைத்தேன். தேவையானவற்றை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒட்டப்பட்டிருந்த சீட்டைப் படித்த பிறகும், காசு போடும் உண்டியலோ பெயர் எழுதும் பதிவேடோ எங்கேனும் இருக்கிறதா என்று தேடினேன். இரண்டும் இல்லை. ஒன்றே ஒன்றை எடுத்துக் கோட்டின் கைக்குள் மறைத்துக்கொண்டு வெளியேறினேன்.

என்னோடு தங்கியிருந்த திருச்சி அக்காதான், "பாக்கெட்டாவே எடுத்துக்கோ, யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க" என்று சொல்லி விளக்கினார். ஸ்காட்லாந்தில் பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழக மாணவியருக்கு 2018 முதலே இவை இலவசம். பின்னர், மோனிகா லெனன் என்ற உறுப்பினர் கொண்டுவந்த சட்டத்தை ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2020 நவம்பர் 24 அன்று ஒருமனதாக நிறைவேற்றியது. அது முழுமையாக நடைமுறைக்கு வந்த நாள் 2022 ஆகஸ்ட் 15. நம்மவர்க்கு மறக்க முடியாத தேதி. தேவைப்படும் எவருக்கும் இப்பொருட்கள் இலவசமாகக் கிடைக்கச் செய்வது உள்ளாட்சி மன்றங்களின் கடமை, தம் மாணவியருக்குக் கிடைக்கச் செய்வது கல்வி நிறுவனங்களின் கடமை என்று கூறுவதோடு சட்டம் நின்றுவிடவில்லை. அவை எளிதாகவும், பெறுபவரின் கண்ணியம் குலையாமலும், வகைகளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்போடும் கிடைக்க வேண்டும் என்றும் கூறுகிறது.

அந்தக் கண்ணியம் என்ற சொல்தான் என்னை என் பள்ளிக்கு இழுத்துச் சென்றது. நாங்களும் இலவச நாப்கின் வாங்கியவர்கள்தாம். தமிழக அரசின் புதுயுகம் திட்டத்தில், கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு ஆண்டுக்கு 18 பாக்கெட்டுகள், பாக்கெட்டுக்கு 6 நாப்கின்கள் என்று வழங்கினார்கள். பழந்துணியிலிருந்து எங்களை மீட்டது அத்திட்டம். அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் எங்கள் பள்ளியில் டீச்சர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்க, பையன்கள் சன்னல் வழியே எட்டிப் பார்க்க, பதிவேட்டில் கையெழுத்திட்டு வாங்கிய பாக்கெட்டைப் புத்தகப் பையின் அடியில் திணித்துக்கொண்டு குனிந்த தலையோடு திரும்புவோம். வாரக்கணக்கில் கேலி நடக்கும். வேண்டாம் என்று வாங்காமலே இருந்தவர்களும் உண்டு. பொருள் இலவசமாக இருந்தது, வாங்குவதற்கு ஒரு விலை இருந்தது.

இங்கும் எல்லாம் ஒழுங்கு என்று சொல்லமாட்டேன். கூடை காலியாகக் கிடந்த நாட்கள் உண்டு. நூலகம் பூட்டியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்குத்தான் போக வேண்டும். எங்கே கிடைக்கும் என்று காட்டும் 'பிக் அப் மை பீரியட்' என்ற செயலி பெரிதும் உதவியது. பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய அனுமதியில்லாத மாணவ விசாவில், மாதந்தோறும் மிஞ்சும் சில பவுண்டுகள் இரண்டு நாள் சாப்பாட்டுச் செலவு.

துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கின்களையும் இங்கே இலவசமாகத் தருகிறார்கள் என்று சொன்னபோது, அம்மா வீடியோ அழைப்பில் விழுந்து விழுந்து சிரித்தார். அம்மாச்சி தன் துணியைக் கொடியில் பாவாடைக்கு அடியில் ஒளித்துக் காயப்போடுவாராம். வெயில் படாத துணியில் ஈரவாடை போகவே போகாதாம். கிளாஸ்கோவில் ஒளிக்க வேண்டியதில்லை, வெயில்தான் இல்லை.

சென்ற மாதம் அதே கழிப்பறையில், புதிதாக வந்தவர்போலத் தெரிந்த நம்மூர்ப் பெண் ஒருத்தி கூடையையும் கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கிச் சொல்ல வாய் வரை வந்தது. சீட்டில்தான் எழுதியிருக்கிறதே என்று, ஈரக் கையைக்கூடத் துடைக்காமல் வெளியே வந்துவிட்டேன்.