முதல் பந்தி

கல்யாணமாகி வந்த மூணாம் நாள் மாமியார் சொன்னாங்க: "மக்களே, இச்சிரி வெள்ளம் கோரிட்டு வா." நான் அம்பாசமுத்திரத்துக்காரி. இங்கே வெள்ளம் என்றால் வெறும் தண்ணி. எங்களுக்கு வெள்ளம் என்றால் தாமிரபரணி கரை தாண்டி வருவது. அதைப் போய் எப்படிக் கோருவது? குடத்தோடு முழித்துக்கொண்டு நின்றேன். அடுக்களையில் இருந்த மூணு பேரும் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். சாயங்காலத்துக்குள் எனக்குப் பேர் விழுந்துவிட்டது: பாண்டிக்காரி.

திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து இந்தக் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல். ஆனால் திருவட்டாறு பக்கத்துப் பெரியவர்களுக்கு ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே எல்லாமே இன்னும் பாண்டிதான். வெறுப்பாகச் சொல்வதில்லை. 'கிழக்கேயிருந்து காத்து வருது' என்று சொல்வது மாதிரி சொல்வார்கள்.

யாரும் என்னைக் குறைவாக நடத்தவில்லை. எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் கையைப் பிடித்து முதல் பந்தியில் உட்கார வைப்பார்கள். என் கொழுந்தன் பெண்டாட்டி பக்கத்து ஊர்க்காரி, எனக்கு ரெண்டு வருஷம் கழித்து வந்தவள். அவள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பரிமாறுவாள், கடைசிப் பந்தியில் ஆறிப்போன சோறு சாப்பிடுவாள். அவளைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருக்கும். பத்து வருஷம் முதல் பந்தியிலேயே சாப்பிட்டவளுக்குத்தான் அது புரியும்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். காலையில் கண்ணைத் திறந்தால் எதிர்த்த விளையில் ரப்பர் மரங்கள் பாதி இல்லை. கரண்டு கம்பங்கள் ரோட்டில் கிடந்தன. எங்கள் தெருவுக்கு எட்டு நாள் கரண்டு வரவில்லை. மோட்டார் ஓடாது, டேங்கில் சொட்டுத் தண்ணி கிடையாது. வருஷக்கணக்காக யாரும் எட்டிப் பார்க்காத ஊர்க்குளத்துக்குத் துணி மூட்டையோடு எல்லாரும் கிளம்பினோம். போய்ப் பார்த்தால் குளத்தைக் காணவில்லை. கரை முதல் கரை வரை ஆகாயத்தாமரை.

அந்தக் குளத்துக்கு ரெண்டு கடவு, அதாவது படித்துறை. கீழக்கடவு கோயில் தெருவுக்கு, மேலக்கடவு சர்ச் தெருவுக்கு. அப்படி எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை. 1982-ல் நடந்த மண்டைக்காட்டு இந்து-கிறிஸ்தவக் கலவரத்துக்கு முன்னால் இந்தப் பிரிவே கிடையாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதற்கு மேல் கேட்டால் பேச்சை மாற்றி மரச்சீனிக் கிழங்கு விலைக்குப் போய்விடுவார்கள். முன்பெல்லாம் அவரவர் கடவை அவரவர் சுத்தம் செய்வார்களாம். நடுக்குளம் யாருக்கும் சொந்தமில்லை, அதனால் அங்கேதான் முதலில் பாசி பிடித்தது.

அந்த எட்டு நாளில் குளக்கரையில் பேசிய பேச்சுதான் அடுத்த கோடையில் வேலையாக ஆனது. முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு என்று சொன்னார்கள். வந்தது ஆறு பேர், ஆறும் ரிட்டயர்டு. "நம்ம ஊருக்காரனுக்கு ஒத்துமை கெடையாது" என்று ஆளுக்கு ஆள் சலித்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் வீட்டில் தையல் மெஷின் போட்டிருப்பவள். ரவிக்கை வாங்க யார் எந்நேரம் வருவார்கள் என்பது எனக்கு அத்துப்படி. ஞாயிறு காலையில் பாதி ஊர் சர்ச்சில் இருக்கும். மீதியில் பாதி ரப்பர் வெட்டப் போயிருக்கும். விடியுமுன் வெட்டி, பால் எடுத்து, உறை ஊற்றி, ஷீட் அடித்து நிமிரும்போது மத்தியானம். சனிக்கிழமை மூணு மணி என்று வையுங்கள் என்றேன். ஊர்க்கூட்டத்தில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சனிக்கிழமை நாற்பத்தி மூணு பேர் வந்தார்கள், மம்பட்டியும் வெட்டுகத்தியுமாக. எண்ணினேன், அதனால் தெரியும்.

அடுத்து பணம். வீட்டுக்கு 200 ரூபாய் வரி, ஜேசிபி வாடகைக்கும் சாயாவுக்கும். கணக்கு யார் கையில்? கீழக்கடவு ஆள் என்றால் மேலக்கடவு முகம் சுளிக்கும், மேலக்கடவு என்றால் அந்தப் பக்கம். கடைசியில் ஒரு பெரியவர் என்னைக் காட்டி, "இந்தப் பாண்டிக்காரி எழுதட்டும், அவ ரெண்டு கடவும் இல்லியே" என்றார். பத்து வருஷமாக எதனால் வெளியே நின்றேனோ, அதனாலேயே நோட்டு என் கைக்கு வந்தது.

மூணாம் வாரமே கணக்கில் 340 ரூபாய் இடித்தது. ஒரு அக்கா என் வாசலில் வந்து நின்று, "ஏ பிள்ளே, எனக்க வீட்டு ரூவாயை எங்க எழுதி வச்சிருக்க?" என்று தெருவே கேட்கக் கத்தினாங்க. நானும் விடவில்லை. சாயா சீட்டை எடுத்துக் காட்டி, பதிலுக்குக் கத்தி, தொண்டை கட்டிப்போனது. அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன். விருந்தாளியிடம் இப்படி யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் இல்லையா?

எங்கள் தெருவில் ஒரு பாட்டி. பிள்ளைகள் மூணு பேரும் குவைத்தில். வாரம் தவறாமல் பிரஷர் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போவாங்க. வியாதி என்னவோ லேசுதான், வரிசையில் நிற்கும்போது பேச ஆள் கிடைக்கும். குளத்து வேலை தொடங்கியபின் சனிக்கிழமை சாயா போடுவது அவங்க பொறுப்பு. "சாயாவுக்குச் சீனி காணாது" என்று யாராவது சொன்னால் மறுவாரம் பாயசம் மாதிரி வரும். இப்போது மாசத்துக்கு ஒரு தடவைதான் ஆஸ்பத்திரி, அதுவும் நாங்கள் பிடித்துத் தள்ளினால்.

எல்லாம் இனித்தது என்று சொல்லமாட்டேன். லைன் வீட்டில் ஜார்க்கண்ட் பையன்கள் ஏழு பேர் வாடகைக்கு இருக்கிறார்கள், கட்டட வேலை. போன வருஷம் அவர்களும் வந்து, எங்களைவிட இரண்டு மடங்கு வேலை செய்தார்கள். முதல் சாயா அவர்களுக்குத்தான் கொடுத்தோம். வரி மட்டும் யாரும் கேட்கவில்லை. "பாவம், அந்நிய ஊருப் பயக்க" என்றார்கள். எனக்கு முதல் பந்தி ஞாபகம் வந்துவிட்டது. நோட்டோடு போய் ஆளுக்கு 50 ரூபாய் கேட்டேன். ஐந்து பேர் கொடுத்தார்கள். ரெண்டு பேர் அடுத்த வாரம் தருகிறோம் என்று இன்னும் தரவில்லை. ஊர்க்காரன் ஆவதற்கு எல்லா லட்சணமும் அந்த ரெண்டு பேருக்கு இருக்கிறது.

இந்த ஜூனில் பேச்சிப்பாறை அணையைத் திறந்து, கன்னிப்பூ நெல் சாகுபடிக்கு விட்ட தண்ணி சானல் வழியாக எங்கள் குளத்துக்கும் வந்து சேர்ந்தது. கரையில் நின்றுகொண்டே அம்மாவுக்குப் போன் போட்டேன். "எம்மா, நம்ம கொளத்துல வெள்ளம் வந்துட்டு!"

2023 டிசம்பரில் தாமிரபரணி என்ன செய்தது என்று பார்த்தவள் அவள். "அய்யோ, வீட்டுக்குள்ள ஏறிட்டாடி? பிள்ளைகளைக் கூட்டிட்டு மாடிக்குப் போ!" என்று அலறினாள். பின்னாலிருந்து மாமியார், "ஆரு மக்களே, பாண்டியிலேயிருந்தா?" என்று கேட்டாங்க.