ரேடியோ வானியலுக்கு அலைக்கற்றை: அடிக்குறிப்பிலிருந்து ஃபில்டர் வரை

ரேடியோ வானியலுக்கான அலைக்கற்றை வேலையில் இறங்குபவர்கள் எந்த அலைவரிசை எந்தச் சேவைக்கு என்று பிரித்துத் தரும் ஒதுக்கீட்டு அட்டவணையைப் புரட்டுவதற்கு முன் அதன் அடிக்குறிப்புகளைப் படித்துவிடுவது நல்லது. சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ரேடியோ விதிமுறைகளில் 5.340 என்ற அடிக்குறிப்பு, 1400–1427 மெகாஹெர்ட்ஸ், 23.6–24 கிகாஹெர்ட்ஸ் போன்ற பட்டைகளில் எந்த ரேடியோ உமிழ்வும் கூடாது என்று தடையே போடுகிறது. 5.149 அவ்வளவு தூரம் போவதில்லை. இயன்றவரை பாதுகாப்புக் கொடுங்கள் என்று நாடுகளைக் கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். நம் விண்மீன் மண்டலத்து ஹைட்ரஜன் கோடு, அதாவது ஹைட்ரஜன் அணுக்கள் வெளியிடும் ரேடியோ அலை, 1420.406 மெகாஹெர்ட்ஸில் இருப்பதால் தடைப் பட்டைக்குள் வந்துவிடுகிறது. தொலைவிலுள்ள மண்டலங்களின் அதே கோடு செம்பெயர்ச்சியால் (அவை நம்மைவிட்டு விலகுவதால் அதிர்வெண் குறைந்து) 1400-க்குக் கீழே நழுவி, ரேடார்கள் இயங்கும் பகுதியில் போய் விழுகிறது. அங்கே 5.149-இன் வேண்டுகோள் மட்டுமே துணை.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. அட்டவணையில் பட்டை இருந்தாலும், தொலைநோக்கியைத் தன் நாட்டு நிர்வாகம் வழியாக ஒன்றியத்தின் முதன்மைப் பதிவேட்டில் ஏற்றாவிட்டால் பேச்சுவார்த்தையில் கை தாழ்ந்துவிடும். ஆன்டெனா வகை, பரப்பு, திரும்பும் கோணங்கள், ரிசீவரின் இரைச்சல் வெப்பநிலை (இரைச்சலைக் கெல்வினில் சொல்லும் அளவு) ஆகியவற்றை அந்தப் படிவம் கேட்கும்.

எவ்வளவு குறுக்கீடு தாங்கும் என்ற கேள்விக்கு ஒன்றியத்தின் ஆர்ஏ.769 பரிந்துரை பதில் சொல்கிறது. 1400–1427 பட்டையை எடுத்துக்கொள்வோம். மொத்த இரைச்சல் 22 கெல்வின், அகலம் 27 மெகாஹெர்ட்ஸ், சேகரிக்கும் நேரம் 2000 வினாடி. அகலத்தையும் நேரத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 2.3 லட்சம். 22-ஐ அதால் வகுத்தால் இரைச்சலின் ஏற்ற இறக்கம் 0.095 மில்லிகெல்வின். அதில் பத்தில் ஒரு பங்குதான் வெளிக் குறுக்கீட்டுக்கு இடம். திறனாகச் சொன்னால் மைனஸ் 205 டெசிபல்-வாட் (ஒரு வாட்டோடு ஒப்பிட்ட அளவு). இதில் ஆன்டெனாவின் ஆதாயத்தை, அதாவது ஒரு திசையிலிருந்து வரும் அலையை அது பெருக்கிப் பெறும் அளவை, 0 டெசிபல் என்றே வைத்துக் கணக்கிட வேண்டும், ஏனென்றால் குறுக்கீடு பெரும்பாலும் பக்க மடல்கள் (ஆன்டெனா பார்க்கும் திசைக்கு வெளியே உள்ள மங்கலான உணர்திசைகள்) வழியாகத்தான் நுழைகிறது. முதன்மைக் கற்றையின் ஆதாயத்தைப் போட்டுப் புகாரை எழுதினால் எதிர்த்தரப்புப் பொறியாளர் முதல் கூட்டத்திலேயே அதைப் பிடித்துவிடுவார். அந்த 2000 வினாடியும் தாராளமான கணக்கு இல்லை. மங்கலான மூலங்களுக்கு ஒரே திசையைப் பல மணி நேரம் பார்க்கும்போது தேவை இன்னும் கடுமையாகிறது.

சிக்கல் பெரும்பாலும் பட்டையின் ஓரத்தில்தான் பிறக்கிறது. விண்வெளியிலுள்ள ஹைட்ராக்சில் (OH) மூலக்கூறின் 1612.231 மெகாஹெர்ட்ஸ் கோட்டின் மேலேயே ரஷ்யாவின் வழிகாட்டிச் செயற்கைக்கோள்களான குளோனாஸின் சிக்னல் விழுந்துகொண்டிருந்தது. 1993-இல் வானியலாளர் தரப்பில் அலைவரிசைப் பாதுகாப்புக்கான ஐயுகாஃப் (IUCAF) குழு குளோனாஸ் நிர்வாகத்தோடு உடன்பாடு செய்துகொண்டது. அதன்படி குளோனாஸின் அலைவரிசைகள் படிப்படியாகக் கீழே நகர்ந்தன. இன்று மிக மேலே உள்ளதன் மையம் 1605.375 மெகாஹெர்ட்ஸ். பாடுபட்டுக் கிடைத்த நல்ல முடிவு அது.

ஹார்மோனிக்கையும் (ஒரு சிக்னலின் அதிர்வெண்ணுக்கு இரண்டு, மூன்று மடங்கில் தோன்றும் நிழல் சிக்னல்) விட்டுவிடக் கூடாது. 710.2 மெகாஹெர்ட்ஸ் கைபேசிகள் பேசும் இடம். அதன் இரண்டாம் ஹார்மோனிக் நேராக ஹைட்ரஜன் கோட்டின் மேல் வந்து அமரும்.

புகார் எழுதுவதற்கு முன் ஒரு சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும். முதல் ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் 3 டெசிபல் அட்டென்யுவேட்டரை (சிக்னலைக் குறைக்கும் கருவி) செருகிப் பாருங்கள். சந்தேக சிக்னல் 3 டெசிபல் குறைந்தால் அது வெளியிலிருந்தே வருகிறது. 9 டெசிபல் குறைந்தால், பக்கத்துப் பட்டையின் பலத்த சிக்னல்கள் நம் ரிசீவருக்குள்ளேயே கலந்து உண்டான மூன்றாம் வரிசைக் கலவை அது. அதற்கு மருந்து நம் ஃபில்டரில்தான். குளிரூட்டிய ரிசீவரில் முதல் ஆம்ப்ளிஃபையர் வெற்றிடக் கலத்துக்குள் இருக்கும். வெளியே செருகும் அட்டென்யுவேட்டர் பின்னால் உள்ள நிலைகளை மட்டுமே சோதிக்கும் என்பதை மறக்க வேண்டாம். வெளியிலிருந்துதான் வருகிறது என்று உறுதியான பிறகு உலகப் பொது நேரம், திசைக்கோணம், பட்டையகலம், 2000 வினாடிச் சராசரித் திறன் எல்லாம் சேர்த்து நாட்டின் அலைக்கற்றைக் கண்காணிப்பு நிலையத்துக்கு எழுதுங்கள். உச்ச அளவை மட்டும் குறிப்பிட்டால் அதை ஆர்ஏ.769 வரம்போடு ஒப்பிட வழியில்லை. விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.