பின்னறையில் படித்த பாடம்

எங்கள் இரசாயன ஆசிரியர், எங்களுக்கு எப்போதும் 'சேர்', காலமாகிவிட்டார். நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். இரசாயன வகுப்பைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். நான் படம் கழுவிய ஆய்வுகூடத்துப் பின்னறையைப் பற்றி எழுதுகிறேன்.

1982 இல் படப்பிடிப்புக் கழகத்தில் இருந்தவர்களுக்கு அந்த அறையை விளக்கத் தேவையில்லை. விளையாட்டுப் போட்டிப் படங்களைக் கழுவிக் காயப்போட்டிருந்தோம். மறுநாள் பார்த்தால் நெகடிவ் முழுக்க வெள்ளைத் திட்டு. பிலிம் பழசு, மருந்து பழசு என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். சேர் பிலிமை வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தார். "முதல் எந்தப் பக்கத்தில இருக்கெண்டு பாருங்கடா."

பளபளப்பான பக்கத்தில் இருந்தது. படம் பதிகிற பூச்சு மற்றப் பக்கம்; ஆகவே மருந்தில் பிழையில்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து வரும் யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர், துளியாய் நின்று காயும்போது கல்சியத்தை விட்டுவிட்டுப் போகிறது. கேத்திலின் அடியில் படிகிற அதே வெள்ளைதான். ஐதான அசற்றிக் அமிலத்தில் தோய்த்தெடுத்தார், திட்டுகள் கரைந்துவிட்டன. அப்புறம் கடைசி அலசலுக்கு, மாரியில் பிடித்து வடிகட்டி வைத்த மழைத்தண்ணீர்தான்.

எல்லாம் அப்படிப் போகாது. நெகடிவில் வட்டமாய் ஒரு தெளிந்த புள்ளி இருந்தால், காற்றுக்குமிழி ஒட்டியிருந்து, படத்தைத் தோன்றவைக்கிற மருந்தான டிவலப்பரை மறித்திருக்கிறது. பிறிண்டில் அது கறுப்பாய் விழும். மருந்து ஊற்றியவுடன் பிலிம் இருக்கும் தாங்கியை மேசையில் தட்டியிருக்க வேண்டும். பிறை வடிவில் இருந்தால், இருட்டில் சுருளில் ஏற்றும்போது பிலிம் மடங்கியிருக்கிறது. யார் ஏற்றியது என்று சேர் ஒருநாளும் கேட்டதில்லை. பிரம்பு ஓயாத அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும்.

பெரிதாக்கிப் பிறிண்ட் போடுவதை அடுத்த ஆண்டு காட்டித்தருவதாகச் சொல்லியிருந்தார். 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு வீட்டில் என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். இலண்டனில் மாலை வகுப்பொன்றில் வேறொருவரிடம் அதைப் படித்தேன். நல்ல மனிதர், நன்றாகவே சொல்லித்தந்தார். இருந்தாலும் அது சேரிடம் படித்திருக்க வேண்டிய பாடம். இந்த ஊர்த் தண்ணீரும் கடின நீர்தான். முதல் பிலிமிலேயே வெள்ளைத் திட்டு விழுந்தது. சேருக்கு எழுதினேன். மழைத்தண்ணீர் பிடிக்க அங்கே வசதி உண்டா என்று கேட்டுப் பதில் போட்டிருந்தார்.

அந்தக் காலத்து நெகடிவ்கள் பலருடைய அலுமாரிகளில் இன்னும் கிடக்கும். திட்டு விழுந்ததென்று எறிந்துவிடாதீர்கள், நகத்தால் சுரண்டவும் வேண்டாம். அடுத்த ஒன்றுகூடலுக்குக் கொண்டு வாருங்கள், கழுவித் தருகிறேன். சேர் எடுத்த படங்கள் எவரிடமாவது இருந்தால் முதலில் அவை.